ஊசிகளைக் கழற்றிய மத்தியானம்

முதலில் நூலை அறுக்க வேண்டும், மற்றதெல்லாம் அதற்கப்புறம். ஹேமலதா கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு மேசைக்கு முன்னால் நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள். ஜன்னலுக்கு வெளியே குன்னூர் டிசம்பரின் வெயில் அடித்தது. கண்ணுக்கு மட்டும் வெயில், உடம்புக்கு எட்டாது. மேசை விளிம்பில் திருகி இறுக்கியிருந்த பின்னல் மெஷின் ஒரு வாரமாகத் துணி போர்த்திக் கிடந்தது, இப்போதுதான் துணியை எடுத்தாள். பெரிய டம்ளர் மாதிரி ஓர் இரும்பு உருளை, அதைச் சுற்றி மேலிருந்து கீழாக வெட்டிய பள்ளக் காடிகள், காடிக்கு ஓர் ஊசி, பக்கவாட்டில் காப்பிக்கொட்டை அரைக்கும் மெஷினில் இருப்பது போல ஒரு கைப்பிடி. கைப்பிடியைச் சுற்றினால் ஊசிகள் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பி நூலைப் பிடித்துக்கொண்டு இறங்கும், உருளையின் அடிவழியே பின்னல் குழாயாக வளர்ந்து வரும். இப்போது அடியில் தொங்குவது பழுப்புக் கம்பளியில் பாதிக் குல்லா. வசந்தாமணி போட்டது. ஹேமலதாவின் கொழுந்தனார் பெண்டாட்டி, கீழ்ப்போர்ஷனில் இருக்கிறவள். அவள் புருஷன் கனகராஜ் விடியலில் பைக் எடுத்துக்கொண்டு தேயிலை ஃபேக்டரிக்குப் போகிறவர். "காதுக்குள்ள பனி போயிருதுங்க்கா அவருக்கு. நீங்க கோயமுத்தூர் போயிட்டு வர்றதுக்குள்ள ஒரு குல்லா போட்டுக்கட்டுங்களா?" என்று கேட்டுக்கொண்டுதான் உட்கார்ந்தாள். போட்டுக்கோ, அதுக்கென்ன, இதெல்லாம் கேக்கணுமா என்று சொன்னதும் இதே வாய்தான். அப்புறம் சொன்னதும் இதே வாய்தான். ஊசிகளில் மாட்டியிருந்த தையல்களைச் சுற்றிலும் அறுத்தாள். கீழே இழுத்துப் பிடிக்க எடைக்கட்டி கட்டியிருந்த குழாய் கையில் நிற்காமல் நழுவித் தரையில் டொம்மென்று விழுந்தது. கீழே ஓடிக்கொண்டிருந்த மிக்ஸி நின்றது. சரிவில் கட்டிய வீடு, இந்தத் தரைதான் வசந்தாமணிக்குக் கூரை. இந்தச் சத்தம் என்ன சத்தம் என்று அவளுக்குத் தெரியும், மேலே அக்கா மெஷினில் கை வைத்திருக்கிறாள் என்று தெரியும். ஹேமலதா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள், ஏதோ திருட வந்த வீட்டில் நிற்பதைப் போல. மிக்ஸி மறுபடியும் ஓடியது. தேங்காய்ச் சட்னியாக இருக்கும். மத்தியானத்தில் எதற்குச் சட்னி. போன வாரம் வரைக்கும் இந்தக் கேள்வியைப் படியில் நின்று கேட்டிருக்கலாம்.

ஊசிகளை உருளையோடு சேர்த்துப் பிடித்திருக்கும் ஸ்பிரிங்கை நகத்தால் நெம்பி மேலே ஏற்றி எடுத்தாள். பழைய துண்டு ஒன்றை விரித்து ஒவ்வோர் ஊசியாக உருவி வரிசையாக வைக்க வேண்டும், எடுத்த வரிசை குலையக் கூடாது என்றில்லை, ஆனால் அவள் அப்படித்தான் வைப்பாள். வெளிநாட்டில் அவள் வேலை பார்த்த பெர்கன் நகரத்தில் ஒரு சர்ச் வாசலில் நடந்த பழைய சாமான் சந்தையில் இதை வாங்கி, ஒரு குளிர்காலம் முழுக்க வீடியோ பார்த்துப் பார்த்துக் கழற்றிப் பூட்டிக் கற்றுக்கொண்டது. கப்பலில் வந்த பெட்டிகளில் இந்தப் பெட்டியை மட்டும் யாரையும் தொட விடவில்லை. யாரையும் என்றால் அன்றைக்கு மூட்டை தூக்க வந்தவர்களை. தொடாதீங்க தொடாதீங்க என்று கத்தினாளே, அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்களே. அப்போதே அது அவளுக்குள் இருந்திருக்கிறது போல. முதல் ஊசி வரவில்லை. இரண்டாவதும் வரவில்லை, காடிக்குள் பசை போட்டு ஒட்டின மாதிரி பிடித்துக்கொண்டிருந்தது. இடுக்கியால் பிடித்து இழுத்தாள், வந்தது. ஊசியின் தலையில் கொக்கி, கொக்கிக்குக் கீழே குட்டியாக ஒரு நாக்கு. ஊசியைத் தலைகீழாகப் பிடித்தால் நாக்கு தானாக விழ வேண்டும், நிமிர்த்தினால் தானாகப் படுக்க வேண்டும். இது விழவில்லை. ஒட்டிக்கொண்டு நின்றது. நாக்கு மடங்காவிட்டால் பழைய தையல் கொக்கியைத் தாண்டாது, தாண்டாவிட்டால் தையல் கொத்தாகச் சேரும், சேர்ந்தால் கைப்பிடி இறுகும், இறுக இறுகச் சுற்றினால் கொக்கி வளையும். கொக்கி மூன்று வளைந்துவிட்டது. வசந்தாமணி அந்த மூன்றையும் ஒரு காப்பித் தட்டில் எடுத்து வைத்திருந்தாள், ஏதோ தங்கம் உடைந்த மாதிரி. கோயம்புத்தூர் கல்யாணத்திலிருந்து ஹேமலதா திரும்பி வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, "அக்கா, என்னமோ ஆயிப்போச்சுங்க்கா, சுத்தவே மாட்டேங்குது" என்று தட்டை நீட்டினாள். நீட்டின கை நடுங்கியதா? நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று இப்போது ஏன் தோன்றுகிறது. தட்டை வாங்கவில்லை. வாங்கி மேசையில் வைத்திருக்கலாம், வெச்சுட்டுப் போ, பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். அதற்குள் போன் அடித்தது, சந்திரமோகன், இன்னும் பெர்கனில் இருந்துகொண்டு வீட்டை விற்பதற்கு அலைகிற புருஷன், வீடு போய்ச் சேர்ந்தாயா என்று கேட்க. வந்து சேர்ந்துவிட்டேன் என்று ஆரம்பித்தவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு இங்கிலீஷில் பேசினாள். திரும்பிக்கொண்டால் போதும் என்று நினைத்தாள். இங்கிலீஷ் என்பது ஒரு கதவு, சாத்திக்கொண்டால் அந்தப் பக்கம் கேட்காது என்று நினைத்தாள். தீஸ் பீப்பிள், என்றாள். இந்த மாதிரி ஆட்களுக்கு ஒரு பொருளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளத் தெரியாது, எத்தனை தடவை சொல்லிக்கொடுத்தாலும் ஏறாது, என்றாள். அதற்குப் பிறகு இன்னொன்றும் சொன்னாள். அது இப்போது வேண்டாம். ஊசியைப் பார்.

ஊசியைப் பார்த்தாள், ஆனால் பார்த்தது ஊசியை அல்ல. அன்று போனை வைத்துவிட்டுத் திரும்பியபோது வசந்தாமணி தரையில் குந்தியிருந்து நூல் துணுக்குகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒன்றுமில்லை. துடைத்து வைத்த மாதிரி. தரையிலும் ஒன்றுமில்லை, எல்லாவற்றையும் ஏற்கெனவே பொறுக்கியாகிவிட்டது, ஆனாலும் விரலால் தரையைத் தொட்டுத் தொட்டு எடுத்துக்கொண்டிருந்தாள். இந்த முகத்தை எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று அன்றைக்கே தோன்றியது, எங்கே என்று பிடிபடவில்லை, நான்கைந்து நாள் சோறு பிசையும்போதும் துணி மடிக்கும்போதும் அது வந்து வந்து போயிற்று, அப்புறம் பல் தேய்த்துக்கொண்டிருக்கையில் சட்டென்று தெரிந்தது, பார்த்ததே இல்லை, தானே போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். உள்ளேயிருந்து மட்டும் தெரிந்த முகம். பெர்கனில் மீன் தீவனக் கம்பெனியின் பரிசோதனைக் கூடம், மத்தியானச் சாப்பாட்டு அறை, இவள் தொட்டியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள், பின்னால் மேசையில் இங்கர் என்கிறவள் பக்கத்திலிருந்தவளிடம் அவர்கள் பாஷையில் சொன்னாள், மறுபடியும் அந்த வாடை, இவர்கள் தலைக்கு என்னத்தைத்தான் தேய்ப்பார்களோ என்று. சாவகாசமாக, வானிலை பேசுகிற குரலில். கெட்டவள் அல்ல இங்கர், பிறந்தநாளுக்குக் கேக் செய்து கொண்டுவருவாள். இவளுக்கு அந்தப் பாஷை தெரியாது என்று நினைத்தாள், அவ்வளவுதான். இவள் மாலை வகுப்புக்குப் போய் ஒரு வருஷமாகக் கற்றுக்கொண்டிருந்தாள், பேசத்தான் கூச்சம். கழுவின கோப்பையை மறுபடியும் கழுவினாள். இன்னொரு தடவையும் கழுவினாள். முழுக் கட்டிடமும் மீன்தூள் நாறும் இடம் அது, அதில் இவள் தலையில் இருந்த ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய்தான் வாடை. அன்று இரவே ஷாம்பூ போட்டு அலசினவள் அதற்கப்புறம் அந்த ஊரில் இருந்த அத்தனை வருஷமும் தலைக்கு எண்ணெய் வைக்கவில்லை. யாரிடமும் சொல்லவில்லை, சந்திரமோகனிடம்கூட. இதெல்லாம் தெரிந்தவள்தான். கோப்பை கழுவினவள்தான். வேறு யாராவது சொல்லியிருந்தால் போகிறது, தெரியாமல் சொல்லிவிட்டார்கள் எனலாம். தெரிந்துகொண்டு சொல்வதற்கு என்ன பெயர்.

காடிகளைச் சுத்தம் செய்ய வேண்டும், பழைய பல் பிரஷால், மேலிருந்து கீழாக மட்டும், குறுக்கே தேய்த்தால் பஞ்சு பக்கத்துக் காடிக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். பிரஷை வைத்து இழுத்தபோது பஞ்சு வரவில்லை, வெள்ளையாக ஏதோ சுருண்டு வந்தது. மெழுகா? விரலால் சுரண்டினாள். எல்லாக் காடிகளிலும் இருந்தது, அடியில் பல் சக்கரத்தின் இடுக்கிலும் இருந்தது, சுண்ணாம்பு பூசினது போல. என்னத்தைப் போட்டுத் தொலைத்தாள் இவள், மெழுகுவத்தியைத் தேய்த்திருக்கிறாளா, சுத்தலை என்றதும் வழுக்கட்டும் என்று எதையாவது அப்பியிருக்கிறாள், சொன்னாளா பார், தட்டை நீட்டினாளே, இதைச் சொன்னாளா. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, உடம்பு முழுக்க ஒரு சந்தோஷம் பரவியது, அதை ஹேமலதா கவனித்தாள். அப்படியென்றால் நான் சொன்னது சரி. ஒரு வாரமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது இறங்கிக்கொள்ளப் பார்த்தது. அதற்குள் விரல் நுனியில் இருந்த வெள்ளை, விரலின் சூட்டில் இளகிக் கண்ணாடி போலாகி ரேகைக்குள் ஓடியது. முகர்ந்தாள். வாசம் தெரியவில்லை. எங்கும் இருக்கிற வாசம்தான் இருந்தது, தலையணையில், போர்வையில், கழுத்தில் இருக்கிற வாசம். மறுபடியும் முகர்ந்தாள். தன் தலையைத்தான் முகர்ந்துகொண்டிருக்கிறாள்.

ஜன்னல் மேல் பலகையில் இரண்டு குப்பிகள் இருந்தன, இரண்டும் ஒரே மாதிரி, நீள மூக்கு வைத்த பிளாஸ்டிக் குப்பிகள், தையல் மெஷின் எண்ணெய் விற்கிற குப்பி. ஒன்று காலியானதும் கழுவித் தேங்காயெண்ணெய் ஊற்றி வைத்துக்கொண்டாள், மூக்கு இருப்பதால் வகிடு வகிடாக விட்டுக்கொள்ள வசதி, கை பிசுபிசுக்காது. தானே கண்டுபிடித்த வசதி என்று வசந்தாமணியிடம் பெருமையாகக் காட்டினதும் உண்டு. இன்னொன்று புது எண்ணெய், கடையில் வாங்கி வந்தது. எட்டி இரண்டையும் எடுத்தாள். ஒன்று பாதிவரைக்கும் வெள்ளையாக உறைந்து கல் மாதிரி இருந்தது. இன்னொன்று கழுத்துவரைக்கும் நிரம்பித் தண்ணீர் மாதிரி தெளிவாக ஆடியது. அதன் மூக்கு நுனி இன்னும் வெட்டப்படவே இல்லை. வெட்டாத மூக்கிலிருந்து ஒரு சொட்டுகூட வந்திருக்க முடியாது. கோயம்புத்தூர் கிளம்பின அன்று காலையில் தலைக்கு வைக்க வேண்டுமென்று எண்ணெய்க் குப்பியை வெந்நீரில் போட்டு உருக்கினாள், வைத்துக்கொண்டாள், சீவினாள், பஸ்ஸுக்கு நேரமிருந்தது, வசந்தா உட்காரப் போகிறாளே, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு வைத்துவிட்டுப் போவோம் என்று கை எட்டின குப்பியை எடுத்து, ஒவ்வொரு காடியிலும் விட்டு, சக்கரத்துக்கு விட்டு, கைப்பிடியைச் சுற்றினாள், எவ்வளவு வழுவழுப்பாக ஓடியது. அந்த வழுவழுப்பு இப்போதும் உள்ளங்கையில் இருக்கிறது. நல்லது செய்துவிட்டுப் போகிறோம் என்ற நினைப்போடு படியிறங்கினாள். கூடலூர்ப் பனியோ குன்னூர்ப் பனியோ, இந்த மலையில் தேங்காயெண்ணெயைக் கீழே வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் வெளுத்துவிடும், இது இங்கே பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். பஸ் மலையிறங்கிப் பர்லியார் தாண்டுவதற்குள் காடிக்குள் எல்லாம் இறுகிப்போயிருக்கும். மேலே வசந்தாமணி வந்து உட்கார்ந்து, நூலை மாட்டி, இறுக்கத்தோடேயே பாதிக் குல்லா வரைக்கும் சுற்றி, அப்புறம் சுற்றாமல் போய், என்ன தப்பு செய்தோம் என்று தெரியாமல் மறுபடியும் சுற்றி.

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் முதலில் வந்த எண்ணம் யாருக்கும் தெரியாது என்பதுதான். சுத்தம் செய்துவிட்டால் தெரியாது. வெள்ளையை வழித்து எடுத்துவிட்டு, மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, புது எண்ணெய் விட்டு, புது ஊசி மூன்றைப் போட்டு, மெஷின் ஓட ஆரம்பித்ததும் கீழே போய், பரவாயில்ல வசந்தா, சரி பண்ணிட்டேன், வந்து உக்காரு என்று சொல்லலாம். பரவாயில்ல. அந்த ஒரு வார்த்தை வாயில் எவ்வளவு இனித்தது. பெரியவள் மன்னிக்கிறாள், சின்னவள் தலைகுனிந்து வருகிறாள், பழையபடி மத்தியானங்கள், பழையபடி பேச்சு. இனிப்பு தொண்டையில் இறங்கும்போதே கசந்து, இவ்வளவு கேவலமாகவா இருக்கிறேன் என்று காதெல்லாம் சூடாகியது. தனியாக இருக்கும் அறையில் ஒருத்திக்குக் காது சூடாகிறது, யார் பார்க்கிறார்கள். சாரி என்று சொல்லலாம். சாரி எளிது, இங்கிலீஷில் எல்லாம் எளிது, அந்த ஊரில் பஸ்ஸில் கால் பட்டால், கதவில் இடித்தால், நாளுக்குப் பத்துத் தரம் சொன்ன வார்த்தை, தேய்ந்து வழவழவென்றிருக்கும். ஆனால் அந்தக் கதவை இனித் திறக்க முடியாது. தமிழில் மன்னிச்சுக்கோ என்றால் சினிமாவில் கிழவன் சாகும்போது சொல்வது மாதிரி இருக்கிறது, ஓரகத்தியிடம் படியில் நின்று யார் அப்படிச் சொல்வார்கள். இந்த வீட்டில் நன்றியும் கிடையாது மன்னிப்பும் கிடையாது. கோபமென்றால் இரண்டு நாள் காப்பி வராது, சமாதானமென்றால் ஒரு கிண்ணத்தில் குழம்பு வரும், அவ்வளவுதான் ஏற்பாடு. அதனால்தான் மூன்று நாள் முன்னால் கோயம்புத்தூர் அல்வாப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு கீழே போனாள். வசந்தாமணி கதவைத் திறந்து, சிரித்து, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "தேங்க்ஸ்ங்க்கா" என்றாள். தேங்க்ஸ். அவள் வாயிலிருந்து அதுவரை கேட்டதே இல்லை. குழம்புக் கிண்ணத்தை வாங்கும்போது, என்னத்துக்கு இத்தனை, கொஞ்சமாப் போட்டா ஆகாதா என்று திட்டுகிறவள். ஊர் விருந்தாளியிடம் வாங்குகிற மாதிரி வாங்கினாள். ஏனுங்க உள்ள வாங்க என்றும் சொன்னாள். அதுவும் சொல்கிறவள் அல்ல. வந்தவளை நிற்கவைத்தே வெங்காயம் உரிக்கக் கொடுக்கிறவள்.

மண்ணெண்ணெயைக் காப்பித் தட்டில் ஊற்றி ஊசிகளை ஊறப்போட்டாள். அதே காப்பித் தட்டு. ஊசிகள் மெல்ல வெள்ளையை விட்டன. ஒவ்வொன்றாக எடுத்து, துடைத்து, தலைகீழாகப் பிடித்து, நாக்கு விழுகிறதா பார்த்து, விழுந்ததைத் துண்டின் வலப்பக்கம் வைத்தாள். விழாததை மறுபடியும் தட்டில். கை பழகிய வேலையைச் செய்தது, அதற்குள் மனசு படியிறங்கிக் கீழே போய்க் கதவைத் தட்டி, திரும்பி வந்து, மறுபடி இறங்கி. இங்கே வந்த முதல் மாதம் யாரோடும் பேச வாய் வரவில்லை. வேலை போய் ஊர் திரும்பினவளிடம் எல்லோரும் எப்போது திரும்பிப் போகிறீர்கள் என்றுதான் கேட்டார்கள். வசந்தாமணி கேட்கவில்லை. தலை ஏனுங்க்கா இப்படிப் பறக்குது என்றாள், கீழேயிருந்து கிண்ணத்தில் எண்ணெய் உருக்கிக் கொண்டுவந்தாள், கூச்சப்பட்டுக்கொண்டு உட்கார்ந்தவளின் தலையை இரண்டு முழங்காலுக்கு நடுவில் வைத்து அழுத்தி அழுத்தித் தேய்த்தாள், தேய்த்துக்கொண்டே பக்கத்து வீட்டு நாய் யாரையெல்லாம் கடித்தது என்று சொன்னாள். எத்தனையோ வருஷங்களுக்குப் பிறகு அந்த எண்ணெய் மண்டையில் இறங்கியபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, மிளகாய் அரைச்ச கையுங்க, கழுவிட்டுத்தான் வந்தேன் என்று அவள் பதறினாள். அந்தக் கையைத்தான் போனில். வேண்டாம். மெஷின் கற்றுக்கொடுத்தது அதற்கப்புறம். அவள் கைப்பிடியைச் சுற்றும்போது நாக்கைக் கடித்துக்கொள்வாள், தையல் எண்ணி முடிக்கும்வரை மூச்சு விடமாட்டாள், முடிந்ததும் ஸ்ஸ் என்று குக்கர் மாதிரி விடுவாள், இவள் சிரிப்பாள். அந்தச் சிரிப்பைப் பற்றி சந்திரமோகனிடம் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. ஏன் சொல்லவில்லை? பிளஸ் டூவோடு கல்யாணமாகி வந்த ஓரகத்திதான் உனக்கு இங்கே சிநேகிதியா என்று அவர் கேட்டுவிடுவாரோ என்று. கேட்டிருக்கமாட்டார். கேட்டது இவள்தான், தன்னையே. அதை மறைக்கத்தான் அந்தக் கடைசி வாக்கியம், அந்தச் சின்னச் சிரிப்போடு. ஜன்னல் கண்ணாடியில் தன் வாய் அசைவது தெரிந்தது, பின்னால் மங்கலாக ஒரு தலை குனிந்திருந்தது. அதையும் பார்த்துக்கொண்டேதான் சொன்னாள்.

உருளையைத் துடைத்து, புதுக் குப்பியின் மூக்கைக் கத்தரிக்கோலால் வெட்டினாள். காடிக்கு ஒரு பொட்டு, சக்கரத்துக்கு இரண்டு. கூடினால் நூலில் இறங்கிக் கறை பிடிக்கும். வளைந்த மூன்றுக்குப் பதில் புதுசு சேர்த்து ஊசிகளைச் செருகி, ஸ்பிரிங்கை ஏற்றி, நூலில்லாமல் வெறுமனே சுற்றினாள். முதலில் கரகரத்தது, அப்புறம் அடங்கியது. இனி வேண்டாத நூலைப் போட்டுக் கொஞ்சம் பின்ன வேண்டும், மிச்ச எண்ணெயெல்லாம் அந்த நூலோடு போகும், சுத்தமாக வரும்வரை பின்னி அதை எறிந்துவிட வேண்டும். பச்சை நூல் ஒன்று கிடந்தது. சுற்றினாள். ஊசிகள் எழும்பின, இறங்கின, அலை மாதிரி, ஒன்றும் தடுக்கவில்லை. முதலில் இறங்கியது கறுப்பாக இருந்தது, பிறகு சாம்பல், பிறகு பச்சை. சத்தம் கீழே கேட்டிருக்கும். கேட்கட்டும் என்று இன்னும் கொஞ்சம் சுற்றினாள். பிறகு, கேட்டுவிட்டதே என்று நிறுத்தினாள்.

படியில் காலடி. மத்தியான வெயில் விழுவது மேல் வாசலில் மட்டும்தான், கொடி கட்டியிருப்பதும் இங்கேதான். ஒரு வாரமாக வசந்தாமணி கீழே நிழலிலேயே துணி காயப்போட்டுப் பார்த்தாள், காயவில்லை போல. இடுப்பில் வாளியோடு கதவைக் கடந்தாள். கதவு திறந்திருந்தது.

"வசந்தா."

"சொல்லுங்க்கா." நின்றாள், உள்ளே வரவில்லை.

"மெஷின் ஓடுது."

"கேட்டுதுங்க." மறுபடி நகரப் போனாள்.

"உன்னால கெடல. நான்தான். ஊருக்குப் போற அன்னிக்கு, மெஷின் எண்ணெய்ன்னு நெனச்சு தலைக்கு வெக்கற எண்ணெய ஊத்திட்டேன். உறைஞ்சு போச்சு."

வசந்தாமணி மெஷினைப் பார்த்தாள், பிறகு மேசையில் இருந்த வெள்ளைக் குப்பியைப் பார்த்தாள். "தேங்காயெண்ணெயா?"

"ஆமா."

"மெஷினுக்கா?"

"ஆமா."

"சீயக்காயும் போட்டு அலசிட்டீங்களா?" என்றாள் முகம் மாறாமல். பிறகு, "நான் கண்டமேனிக்குச் சுத்தித்தான் போச்சுன்னு இருந்தேனுங்க. அவருகிட்டயும் அப்பிடித்தான் சொன்னேன். கையே வரமாட்டேங்குது எனக்குன்னு."

"இல்ல. நீ சரியாத்தான் சுத்தியிருக்க."

"செரி, போச்சாது விடுங்க."

ஹேமலதாவுக்கு உடம்பே லேசானது போல இருந்தது. அந்த லேசுதான் காட்டிக்கொடுத்தது, இருப்பதில் சின்னதை எடுத்து முன்னால் வைத்திருக்கிறாள் என்று. எண்ணெய் பெரிய விஷயமில்லை, யாருக்கும் நடக்கும். வசந்தாமணி போகவில்லை. வாளியை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"அன்னிக்கு போன்ல மாமாகிட்ட சொல்லிட்டு இருந்தீங்களே, அது என்னங்க்கா?"

"உனக்குப் புரிஞ்சுதா?"

"பாதி. எங்க பாப்பா இங்கிலீஷ் படிக்கறப்பக் கூடவே உக்காந்து உக்காந்து வந்தது. மீதிய நானா போட்டுப் போட்டுப் பாக்கறேன், தெனமும் ஒண்ணு வருது, ஒண்ணுக்கொண்ணு மோசமா. நீங்களே தமிழ்ல சொல்லீருங்க. என்னன்னு தெரிஞ்சுட்டாத் தேவலை."

தமிழில் அந்த வாக்கியங்களை அவள் இதுவரை தனக்குள்கூட முழுசாக அமைத்துப் பார்த்திருக்கவில்லை. இங்கிலீஷில் அதற்கு உடம்பில்லை, ஜன்னல் வழியாகப் போய்விட்டது. இப்போது எதிரே ஆள் நிற்கிறது. மெதுவாக்கிச் சொல்லலாம், ஒரு வார்த்தையை மாற்றினால் போதும், அவளுக்கு எப்படித் தெரியும். இந்த எண்ணமும் வந்தது, வந்துவிட்டது என்பதையும் பார்த்தாள்.

"இந்த மாதிரி ஆளுங்களுக்கு ஒரு சாமானப் பத்திரமா வெச்சுக்கத் தெரியாதுன்னேன். எத்தன சொல்லிக் குடுத்தாலும் ஏறாதுன்னேன்."

"எந்த மாதிரி ஆளுங்க?"

"நீ."

"நான் ஒருத்தி எப்படிங்க்கா ஆளுங்க ஆவேன்?"

வாளியிலிருந்து தண்ணீர் சொட்டி வாசற்படியில் வட்டமாகத் தேங்கியது.

"இன்னொண்ணு இருந்துது," என்றாள் வசந்தாமணி. "கடைசியா. சிரிச்சுட்டே சொன்னீங்க."

ஹேமலதா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். "கூப்பிட்டுப் பக்கத்துல உக்கார வெச்சதே பாவம்னுதான்னு சொன்னேன். அவளுக்கு வேற என்ன பொழுது இருக்குன்னேன்."

அது பொய் என்று உடனே சேர்த்துச் சொல்ல வாய் துடித்தது. சேர்த்தால் மருந்து தடவுகிற மாதிரி ஆகிவிடும், தடவிக்கொள்வதும் தனக்குத்தான். கொடியில் ஏற்கெனவே தொங்கின சட்டை ஒன்று காற்றில் கையை ஆட்டிக்கொண்டிருந்தது. வசந்தாமணி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள், கணக்குப் போடுகிறவளைப் போல.

"பாவமா," என்றாள். "மத்தியானமானா இந்த ஜன்னல்ல தலைய நீட்டிட்டு, வசந்தா வேலையாச்சா, வசந்தா இன்னும் ஆகலையான்னு கூப்பிடறது யாருங்க்கா?"

"நான்தான்."

"நான் ஒரு நாளாச்சும் தானா ஏறி வந்திருக்கறனா?"

"இல்ல."

"பாத்திரத்தப் பாதில போட்டுட்டு வருவேன், தெரியுமுங்களா? ஒத்தையில இருக்கறாங்களேன்னு." சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள், சொல்லியிருக்க வேண்டாமோ என்பது போல. பிறகு, "இத, கூப்பிடறது நீங்கதான்னு, மாமாகிட்ட சொன்னீங்களா?"

"இல்ல."

"சொல்லீருங்க."

"சொல்றேன்."

வசந்தாமணி வாளியை இறக்கிப் படியில் வைத்தாள். உள்ளே வந்து, மெஷினுக்கு முன்னால் அல்ல, சுவரோரமாக இருந்த முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள்.

"இப்பச் சொல்லுங்க. இங்கிலீஷ்லயே சொல்லுங்க, கேட்டுக்கறேன்."

பெர்கனில் இப்போது காலை, அவர் காப்பி குடித்துக்கொண்டிருப்பார். ஹேமலதா கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. மணி அடிக்க ஆரம்பித்தது.